'வரலாற்றில் இன்று' கையேட்டைத் தயாரித்த குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தொகுப்புக் குழுவினரே,

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டப் பாடசாலைகளில் காலைக் கூட்டத்தில் நாள்தோறும் வாசிப்பதற்கென நீங்கள் அனுப்பிய 'வரலாற்றில் இன்று' கையேட்டை ஜனவரி 1 முதல் டிசெம்பர் 31 வரை, பெப்ரவரி 29ஐயும் விடாமல் வாசித்து முடித்தோம். திருத்தம் கேட்டு எழுதிய ஆசிரியர்களுக்கு, கையேடு முடிவாகிவிட்டது, உள்ளதை உள்ளபடியே வாசிக்கவும் என்று பதில் வந்திருக்கிறது. அந்தப் பதிலை ஏற்க முடியாததால் இதை எல்லோரும் பார்க்க எழுதுகிறோம். நாங்கள் வரலாறு கற்பிப்பவர்கள், நூலகங்களில் பழைய பத்திரிகைக் கட்டுகளைப் பேணுபவர்கள். ஒரு திகதியைச் சரிபார்ப்பது எங்கள் அன்றாட வேலை.

நவம்பர் 23ஆம் பக்கத்தை எடுங்கள். 1980இல் தென் இத்தாலியில் நிகழ்ந்த நிலநடுக்கம் இருக்கிறது. 1978இல் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி இல்லை. பக்கத்தைப் புரட்டினால், "1978 நவம்பர் 24, வியாழக்கிழமை: பட்டிகலோவாவில் புயல்" என்று ஒரு வரி கிடக்கிறது. மட்டக்களப்புப் பிள்ளைக்கு அவளுடைய ஊரின் பெயர் பட்டிகலோவா என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். தொள்ளாயிரம் பேருக்கு மேல் இறந்த, பத்து இலட்சம் பேர் வரை பாதிக்கப்பட்ட, தென்னந்தோட்டங்களை வேரோடு சாய்த்துவிட்டுப் போன சூறாவளிக்கு ஒரே ஒரு வரி. அதுவும் பிழையான நாளில். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் "சூறாவளிக்கு முந்தி", "சூறாவளிக்குப் பிந்தி" என்று வீடு கட்டிய காலத்தையும் பிள்ளை பிறந்த காலத்தையும் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள்தான் அந்தக் கூட்டத்தில் நிற்கப்போகிறார்கள்.

இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க நூலகம்கூடத் தேவையில்லை, அது தன்னைத்தானே காட்டிக்கொடுக்கிறது. 1978 நவம்பர் 24 வெள்ளிக்கிழமை. வியாழன் என்றால் 23. நீங்கள் எடுத்த மூலத்தில் கிழமை சரியாக இருந்திருக்கிறது, திகதி ஒரு நாள் தள்ளியிருக்கிறது. கிழமையைக் கணக்கிட ஒரு தாளும் பென்சிலும் போதும். 1900களின் திகதி என்றால், வருடத்தின் கடைசி இரண்டு இலக்கம், அதை நான்கால் வகுத்து வரும் முழு எண், மாத எண், திகதி ஆகிய நான்கையும் கூட்டி ஏழால் வகுக்க வேண்டும். மீதிதான் கிழமை: 1 ஞாயிறு, 2 திங்கள், இப்படியே 6 வெள்ளி, 0 சனி. மாத எண்கள் ஜனவரியிலிருந்து வரிசையாக 1, 4, 4, 0, 2, 5, 0, 3, 6, 1, 4, 6. சூறாவளிக்கு 78, 19, 4, 23. கூட்டினால் 124, ஏழால் வகுத்தால் மீதி 5, வியாழன். 2000 முதலான திகதிக்கு மொத்தத்தில் ஒன்றைக் கழிக்க வேண்டும், 1800களுக்கு இரண்டைக் கூட்ட வேண்டும், லீப் வருடத்தின் ஜனவரி, பெப்ரவரிக்கு மேலும் ஒன்றைக் கழிக்க வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே கையேடு முழுவதையும் இப்படிச் சோதித்துவிடுவார்கள். கிழமை போட்ட ஒவ்வொரு பதிவையும் அச்சுக்கு முன் ஒரு தரம் இதில் இட்டுப் பார்த்திருந்தால், நவம்பர் 24 அங்கேயே பிடிபட்டிருக்கும்.

ஒரு நாள் தள்ளிப்போவது ஏன் என்பதும் எங்களுக்குப் பழக்கமானதே. பத்திரிகையின் தலைப்பில் உள்ள திகதி செய்தியின் திகதி அல்ல. "நேற்றிரவு" என்று உள்ளே எழுதியிருப்பதை வாசிக்காமல் மேலே உள்ளதை எடுத்தால் ஒரு நாள் பிந்தும். கம்பியும் வீதியும் அறுந்துபோன பேரிடரில் இரண்டு மூன்று நாள்கூடப் பிந்தும். இரவில் தொடங்கி விடியும்வரை நடந்தவற்றுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. சூறாவளி 23 இரவு கரையேறியது. விடிந்து வெளியே வந்து அழிவைப் பார்த்தவர்களுக்கு அது 24. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இப்படிப்பட்ட பதிவுக்கு "23 இரவு முதல் 24 விடியும்வரை" என்று எழுதி, தொடங்கிய நாளின் பக்கத்தில் வைப்பதுதான் முறை.

இதே சிக்கல் 1990 ஓகஸ்டில் மிகக் கனமாக வருகிறது. ஏறாவூரில் முஸ்லிம் குடும்பங்கள் கொல்லப்பட்டது ஓகஸ்ட் 11 இரவு, 12க்குள் கடந்து. வீரமுனையில் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர் கொல்லப்பட்டது ஓகஸ்ட் 12. ஒரே வருடம், ஒரே நாள், இரண்டு ஊர், இரண்டு சமூகம். அதற்கு ஒன்பது நாள் முன்னர், ஓகஸ்ட் 3 வெள்ளி இரவுத் தொழுகையில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். உங்கள் கையேட்டில் இந்த நாள்களின் பக்கங்களில் எதுவும் இல்லை. பிள்ளைகள் முன்னால் வாசிக்கத் தகாது என்று நினைத்தீர்களானால், அதை முன்னுரையில் சொல்லுங்கள். அது ஒரு தீர்மானம், அதைப் பற்றிப் பேசலாம். ஆனால் வேறு நாடுகளின் படுகொலைகளை அதே மாதத்துப் பக்கங்களில் போட்டுவிட்டு எங்கள் ஊர்களை மட்டும் விட்டிருப்பதற்கு அந்தக் காரணம் பொருந்தாது. போடுவதென்றால் ஏறாவூரையும் வீரமுனையையும் ஒரே பக்கத்தில், ஒரே அளவு வரியில் போட வேண்டும். ஒன்றை வைத்து மற்றதை விட்டால் அந்தப் பக்கம் ஒரு வகுப்பறைக்குள் இரண்டு வாங்குகளைப் பிரித்துவிடும்.

இனி டிசெம்பர் 26. "2003 ஈரானின் பாம் நகர நிலநடுக்கம். 2004 இந்தோனேசியச் சுனாமி, காலை 6.28." இவ்வளவுதான் உங்கள் பதிவு. இலங்கையில் சுனாமியால் அதிகம் பேர் இறந்த மாவட்டம் அம்பாறை, பத்தாயிரத்துக்கும் மேல். அந்த மாவட்டத்துப் பாடசாலைகளுக்கு அனுப்பும் பதிவில் அந்த மாவட்டத்தின் பெயர் இல்லை. அடுத்தது அந்த நேரம். நிலநடுக்கம் உலகப் பொது நேரப்படி 00.58க்கு. யாரோ அதோடு ஐந்தரை மணியைக் கூட்டி 6.28 என்று எழுதியிருக்கிறார்கள். இன்றைக்கு இலங்கை நேரம் ஐந்தரை மணி முன்னால் இருப்பது உண்மைதான். 2004இல் அப்படி இல்லை. 1996 மே மாதம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்தினார்கள், அதே வருடம் ஒக்டோபரில் அரை மணி பின்னே எடுத்தார்கள், 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பினோம். ஆக 2004 டிசெம்பர் 26 அன்று நமது சுவர் மணிக்கூடுகள் ஆறு மணித்தியாலம் முன்னால் இருந்தன. நிலம் அதிர்ந்தபோது அவற்றில் 6.58. 6.28 சென்னையில் இருந்தவர்களின் நேரம்.

அரை மணிதானே என்று தள்ளிவிட முடியாது. அனர்த்த முகாமைத்துவப் பாடத்தில் பிள்ளைகளிடம் கேட்கிற முக்கியமான கேள்வி, அதிர்வுக்கும் அலைக்கும் இடையில் எவ்வளவு நேரம் இருந்தது என்பது. தப்பியவர்கள் சொல்கிற நேரமும் நீர் புகுந்து நின்றுபோன மணிக்கூடுகள் காட்டுகிற நேரமும் அன்றைய இலங்கை நேரத்தில் இருக்கின்றன. அதிலிருந்து உங்கள் 6.28ஐக் கழிக்கிற பிள்ளைக்கு விடை அரை மணி கூடுதலாக வரும். அடுத்த தடவை ஓடுவதற்கு எவ்வளவு நேரம் இருக்கும் என்று அந்தப் பிள்ளை மனதில் பதித்துக்கொள்வது அந்தக் கூடுதல் அரை மணியைத்தான். இந்த ஒரு வரிக்காகவே கையேட்டைத் திரும்பப் பெறலாம் என்று நாங்கள் நினைக்கிறோம்.

அதே பக்கத்தின் அடியில், 26ஆம் திகதி பேரழிவுகளுக்கு உரிய நாள் என்று ஒரு குறிப்பு. 2001 ஜனவரி 26 குஜராத், 2003 டிசெம்பர் 26 பாம், 2004 டிசெம்பர் 26 என்று மூன்றைக் கோத்து எழுதியிருக்கிறீர்கள். உலகில் கருவியால் அளந்த நிலநடுக்கங்களுள் மிகப் பெரியது 1960 மே 22 சிலியில். அதற்கு அடுத்தது 1964 மார்ச் 27 அலாஸ்காவில். ஜப்பானின் சுனாமி 2011 மார்ச் 11. ஒரே திகதியில் பல நிகழ்ச்சிகள் விழுவது எண்ணிக்கையின் இயல்பு. 366 பெட்டிகளில் ஆயிரக்கணக்கானவற்றைப் போட்டால் எல்லாப் பெட்டியிலும் துயரமும் இருக்கும், மகிழ்ச்சியும் இருக்கும். கடற்கரைப் பாடசாலையில் 26 என்ற எண்ணுக்குப் பயந்த பிள்ளை, மற்ற நாளெல்லாம் கடல் பாதுகாப்பானது என்று நம்பும்.

அலாஸ்காவைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறோம். அங்கே அது மார்ச் 27 மாலை. அந்த வேளையில் இலங்கையில் 28 காலை ஒன்பது மணி. நிகழ்ச்சி நடந்த இடத்துத் திகதியை எடுப்பதுதான் வழக்கம், ஆகவே மார்ச் 27 சரி. நீங்கள் சில பதிவுகளுக்கு இடத்துத் திகதியையும் சிலவற்றுக்கு நமது திகதியையும் கலந்திருக்கிறீர்கள். பேர்ள் துறைமுகத் தாக்குதலை 1941 டிசெம்பர் 8இல் வைத்து "நமது நேரப்படி" என்று அடைப்பில் எழுதியிருப்பது ஓர் உதாரணம். ஜப்பானுக்கும் மலாயாவுக்கும் அது 8. இலங்கைக்கு அல்ல. ஹவாயில் காலை 7.48 ஆனபோது கொழும்பில் இரவு 11.48, இன்னும் 7ஆம் திகதிதான். ஆசியா என்றால் எல்லாம் ஒரே நாள் என்று எடுத்துக்கொண்டதில் பன்னிரண்டு நிமிடத்தால் பிழைத்திருக்கிறது. நிலவில் இறங்கியதற்கோ 'இடத்துத் திகதி' என்று ஒன்று கிடையாது. உலகப் பொது நேரத்தைத்தான் எடுக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 1969 ஜூலை 20 இரவு 8.17க்கு இறங்கினார்கள், 21 அதிகாலை 2.56க்குக் கால் வைத்தார்கள். ஜூலை 20 "மனிதன் நிலவில் கால் பதித்த நாள்" என்று இருப்பது அமெரிக்கக் கணக்கு. இலங்கை நேரத்தில் இரண்டுமே 21. கால் வைத்தது காலை 8.26, நமது பிள்ளைகள் பாடசாலையில் இருக்கிற நேரம்.

ஏப்ரல் 9 எங்களை அதிகம் வருத்திய பக்கம். 1942இல் பிலிப்பைன்ஸின் பட்டானில் அமெரிக்க, பிலிப்பைன்ஸ் படைகள் ஜப்பானிடம் சரணடைந்ததை எழுதியிருக்கிறீர்கள். அதே வருடம், அதே திகதி, அதே ஜப்பானியத் தாக்குதல் அலையின் மறுமுனை மட்டக்களப்புக் கடலில் இருந்தது. விமானந்தாங்கிக் கப்பலாகவே வடிவமைக்கத் தொடங்கப்பட்ட உலகின் முதலாவது கப்பலான பிரித்தானியாவின் ஹேர்மீஸ், அன்று காலை ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டது. முந்நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். கூட வந்த அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வம்பயரும் மூழ்கியது. ஹேர்மீஸ் இன்னும் ஏறத்தாழ ஐம்பது மீற்றர் ஆழத்தில் அங்கேயேதான் கிடக்கிறது. எங்கள் மீனவர்கள் அறிந்த இடம் அது. ஒரே நாளில் நடந்தவை என்று பிள்ளைக்குக் கற்பிக்க இதைவிடப் பொருத்தமான சோடி கையேடு முழுவதிலும் இல்லை. ஆயிரக்கணக்கான மைல் இடைவெளியில் இருந்த இரண்டு கடற்கரைகளை ஒரு யுத்தம் ஒரே காலையில் இணைத்த நாள் அது. நீங்கள் ஹேர்மீஸைச் செப்டெம்பர் 4இல் வைத்திருக்கிறீர்கள்.

காரணம் தெளிவு. அமெரிக்கர் மாதத்தை முன்னே எழுதுவார்கள். அவர்களுடைய 4/9/42ஐ நாம் வாசிக்கிற மாதிரி வாசித்திருக்கிறீர்கள். திகதி 12ஐத் தாண்டினால் இந்தப் பிழை தானாகவே தெரிந்துவிடும். 12க்குள் இருந்தால் யாருக்கும் தெரியாமல் ஒளிந்துகொள்ளும். ஆகவே கையேட்டில் ஒவ்வொரு மாதமும் முதல் பன்னிரண்டு பக்கங்களைத் தனியாக எடுத்து, மாதத்தை மாற்றிப் போட்டுச் சரிபார்க்க வேண்டும். இனிமேல் மாதத்தை எண்ணால் எழுதவே வேண்டாம், பெயரால் எழுதுங்கள்.

பழைய ஜூலியன் நாட்காட்டியிலிருந்து இன்றைய கிரெகோரியன் நாட்காட்டிக்கு நாடுகள் மாறியதை நீங்கள் கவனித்திருப்பது தெரிகிறது. ஆனால் 1752க்கு முந்திய எல்லாத் திகதிக்கும் பத்து நாளைக் கூட்டியிருக்கிறீர்கள். மட்டக்களப்புக் கோட்டை ஒல்லாந்தர் கைக்கு வந்தது 1638 மே 18. உங்கள் கையேட்டில் மே 28. 1752 ஆங்கிலேயர் மாறிய வருடம், செப்டெம்பர் 2க்கு அடுத்த நாளை 14 என்று எண்ணினார்கள். போர்த்துக்கேயர் 1582இலேயே மாறிவிட்டார்கள், ஒக்டோபர் 4க்கு அடுத்த நாள் 15. ஒல்லாந்து மாகாணமும் அதையடுத்த மாதங்களில் மாறியது. கோட்டையைக் கட்டிய போர்த்துக்கேயரும் அதைப் பிடித்த ஒல்லாந்தரும் 1638இல் நாம் இன்று பாவிக்கிற நாட்காட்டியையே பாவித்தார்கள். கூட்டுவதற்கு எதுவுமே இல்லை.

கூட்டவேண்டிய இடத்தில் கூட்டவில்லை என்பது அதைவிடக் கவனிக்க வேண்டியது. கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த ரொபர்ட் நொக்ஸ் அரிப்புக் கோட்டையை வந்தடைந்ததை 1679 ஒக்டோபர் 18, சனிக்கிழமை என்று எழுதினார். நமது நாட்காட்டியில் 1679 ஒக்டோபர் 18 புதன். நொக்ஸ் தவறவில்லை, அவர் ஆங்கிலேயர், பழைய நாட்காட்டிக்காரர். பத்து நாளைக் கூட்டினால் ஒக்டோபர் 28, அது சனிக்கிழமைதான். கிழமை பொருந்தவில்லை என்றவுடன் பிழை என்று அடித்துவிடக் கூடாது, பத்து நாளைக் கூட்டிப் பொருந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும் என்பதற்கு இது நல்ல பாடம். 1700 மார்ச் முதல் வித்தியாசம் பதினொரு நாள். எதைக் கூட்டுவது என்பதை வருடம் தீர்மானிப்பதில்லை. எழுதியவர் எந்த நாட்டுக்காரர், எந்த நாட்காட்டிக்காரர் என்பதுதான் தீர்மானிக்கிறது.

ஏப்ரல் 23, புத்தக தினத்துக்கு எல்லாப் பாடசாலையிலும் சொல்லப்படுகிற வரி உங்கள் கையேட்டிலும் வந்திருக்கிறது: ஷேக்ஸ்பியரும் செர்வாந்தசும் 1616 ஏப்ரல் 23 ஒரே நாளில் இறந்தார்கள் என்று. திகதி ஒன்று, நாள் ஒன்றல்ல. இங்கிலாந்தின் ஏப்ரல் 23 ஸ்பெயினில் மே 3. செர்வாந்தஸ் ஏப்ரல் 22 இறந்து 23 அடக்கம் செய்யப்பட்டார் என்பதே இன்று ஏற்கப்படுகிறது. ஆகவே இரண்டு மரணங்களுக்கும் இடையே பத்து நாளுக்கு மேல். இதைப் பிள்ளைகளுக்கு விளக்கினால் நாட்காட்டி என்றால் என்ன என்று அவர்களுக்கு ஒரே காலையில் விளங்கிவிடும்.

நகரும் நாள்களை நீங்கள் ஆணி அடித்து நிறுத்தியிருக்கிறீர்கள். ஏதோ ஒரு வருடத்தின் நாட்காட்டியில் இருந்த நோன்புப் பெருநாளும் தீபாவளியும் அந்தந்தத் திகதியில் நிரந்தரமாக அச்சாகியிருக்கின்றன. ஹிஜ்ரி வருடம் 354 அல்லது 355 நாள்; வருடாவருடம் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னே வரும். ஏப்ரல் 21ஐ "உயிர்த்த ஞாயிறு" என்று போட்டிருக்கிறீர்கள். 2019இல் அந்த ஞாயிறு 21ஆம் திகதி விழுந்தது, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. அடுத்து அந்தத் திகதியில் உயிர்த்த ஞாயிறு வருவது 2030இல். திருநாளின் பெயரை எடுத்துவிட்டு 2019 என்ற வருடத்தோடு நிகழ்ச்சியை எழுதுங்கள். அதே ஏப்ரல் 21இல்தான் 1987இல் கொழும்புப் புறக்கோட்டை பஸ் நிலையத்தில் குண்டு வெடித்தது என்பதும் அங்கே இருக்க வேண்டும்.

ஆசிரியர் தினம் செப்டெம்பர் 5, சிறுவர் தினம் நவம்பர் 14 என்பவை இந்தியாவுக்குரியவை. இலங்கையில் ஒக்டோபர் 6, ஒக்டோபர் 1. இதை ஒரு பாடசாலைக் கையேட்டுக்கு நாங்கள் திருத்திக் கொடுக்க வேண்டியிருப்பது வருத்தம்.

செப்டெம்பர் 5 எங்களுக்கு வேறொரு நாள். 1990இல் வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாக இருந்தவர்களில் 158 பேர் கொண்டுசெல்லப்பட்டார்கள். அதற்கு மூன்று வாரம் முன்னர், ஓகஸ்ட் 15 அன்று, மட்டக்களப்பில் பல தலைமுறை மாணவருக்குக் கற்பித்த இயேசு சபைத் துறவி இயூஜின் ஹேபேர்ட் வாழைச்சேனையிலிருந்து திரும்புகிற வழியில் காணாமற்போனார். ஓகஸ்ட் 15 பக்கத்தில் இந்தியச் சுதந்திரம் மட்டும் இருக்கிறது. இவர்களைச் சேர்க்கும்போது ஒரு சொல்லில் கவனம் வேண்டும்: "காணாமற்போன நாள்". இறந்த நாள் என்று எழுதினால், ஒருவரும் நிறுவாத ஒன்றைக் கையேடு நிறுவியதாகிவிடும். இன்னும் காத்திருக்கிற வீடுகளில் இருந்து வருகிற பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் நிற்பார்கள்.

ஓகஸ்ட் 27, 1883 கிரக்கத்தோவா எரிமலை. "இந்தோனேசியா" என்று முடித்திருக்கிறீர்கள். அந்த அலை அதே நாளில் இலங்கைக் கரைக்கும் வந்தது. பாணமையில் நெல் சுமந்து நீரைக் கடந்துகொண்டிருந்த பெண்களை அடித்ததில் ஒருவர் பின்னர் இறந்தார் என்பது அக்காலக் குறிப்பு. பொத்துவில் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்த ஒரு வரி போதும், சுனாமி 2004இல் முதன்முதலாக வந்ததல்ல என்று அறிய.

ஜூலை 19. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக் தொடக்கம், 1980 மொஸ்கோ ஒலிம்பிக் தொடக்கம், 1947 ரங்கூனில் ஆங் சான் சுட்டுக்கொல்லப்பட்டது. மூன்றும் சரி. ஆங் சான் கொல்லப்பட்ட அதே 1947 ஜூலை 19 சனிக்கிழமையன்றுதான் சுவாமி விபுலானந்தர் மறைந்தார். காரைதீவில் 1892 மார்ச் 27 பிறந்தவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதலாவது தமிழ்ப் பேராசிரியர், யாழ்நூலை அரங்கேற்றி ஆறேழு வாரத்தில் கண்மூடியவர். அவருடைய சமாதி கல்லடி உப்போடையில், அவர் எழுப்பிய சிவானந்த வித்தியாலயத்து மண்ணில் இருக்கிறது. மார்ச் 27இலும் அவர் இல்லை, ஜூலை 19இலும் இல்லை. மட்டக்களப்புக்கும் அம்பாறைக்கும் பொதுவான ஒரு பெயரைச் சொல் என்றால் முதலில் வாயில் வருகிற பெயர் விடுபட்ட கையேட்டை, உள்ளபடியே வாசிக்க எங்களால் முடியாது. அவரைச் சேர்க்கும்போது "அம்பாறை மாவட்டக் காரைதீவில் பிறந்தார்" என்று எழுதாதீர்கள். அம்பாறை மாவட்டம் பிரிந்தது 1961இல். "இன்றைய அம்பாறை மாவட்டத்தின் காரைதீவில்" என்றால் சரி.

எங்கள் கோரிக்கைகள் இவை. கையேட்டை உள்ளபடியே வாசிக்க வேண்டும் என்ற அறிவுறுத்தலை உடனே எழுத்தில் மீளப்பெறுங்கள். மற்றவற்றுக்குக் காலம் எடுத்தாலும், டிசெம்பர் 26இன் நேரத்தையும் 26ஆம் திகதி பற்றிய குறிப்பையும் நவம்பர் 23, 24 பக்கங்களையும் ஏப்ரல் 9, செப்டெம்பர் 4 பக்கங்களையும் திருத்தி, மாற்றுத் தாளாக எல்லாப் பாடசாலைக்கும் அடுத்த தவணை தொடங்குமுன் அனுப்புங்கள். ஒட்டிக்கொள்ளக்கூடிய அரைப் பக்கத் தாள் போதும், புதிதாக அச்சிடக் காசு இல்லை என்ற காரணம் வேண்டாம்.

முழுத் திருத்தத்துக்கு, ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் அட்டை போடுங்கள். அதில் திகதி, கிழமை, இடம், எந்த நேரக் கணக்கு, எந்த நாட்காட்டி, ஒன்றையொன்று பார்த்து எழுதப்படாத இரண்டு ஆதாரம் ஆகியவை இருக்கட்டும். இரண்டாவது ஆதாரம் கிடைக்காத பதிவை அச்சிடாமல் தள்ளி வையுங்கள். உள்ளூர்ப் பதிவுகளுக்குப் பாடசாலைப் பதிவேடு, கோயில், பள்ளிவாசல், தேவாலயப் புத்தகங்கள், 31ஆம் நாள் நினைவு மலர்கள் எல்லாம் ஆதாரமாகும். நினைவு மலரில் திதி மட்டும் இருந்தால் அந்த வருடத்துப் பஞ்சாங்கத்தை எடுத்துத் திகதிக்கு மாற்றுங்கள். இந்த வருடத்துப் பஞ்சாங்கத்தில் பார்க்க வேண்டாம். நூலகங்களில் அந்தப் பழைய பஞ்சாங்கங்களைத் தேடி எடுத்துத் தர நாங்கள் ஆயத்தம்.

1990 ஓகஸ்ட், செப்டெம்பர் பக்கங்களைத் தமிழ், முஸ்லிம் ஆசிரியர்கள் ஒரே மேசையில் இருந்து எழுத வேண்டும், இரு தரப்பும் கையொப்பமிடாமல் அச்சுக்குப் போகக் கூடாது. நகரும் திருநாள்களைக் கையேட்டிலிருந்து முற்றாக எடுத்துவிட்டு வருடாந்தத் தாளில் தனியாகக் கொடுங்கள். கையேட்டின் கடைசியில் வெற்றுப் பக்கங்கள் விட்டு, ஒவ்வொரு பாடசாலையும் தன் ஊரின் நாள்களை, ஆதாரத்தோடு, எழுதிச் சேர்க்க அனுமதியுங்கள். பிழை கண்டவர் யாருக்கு அறிவிப்பது, எத்தனை நாளுக்குள் பதில் வரும் என்பதை முதற்பக்கத்தில் அச்சிடுங்கள்.

இந்த மடலில் நாங்கள் சொன்ன ஒவ்வொரு திகதியையும் நீங்களும் சோதித்துப் பாருங்கள். எங்களிடம் பிழை இருந்தால் அதையும் எழுதுங்கள், பகிரங்கமாகவே திருத்திக்கொள்கிறோம். நவம்பர் 23 காலைக் கூட்டத்துக்கு முன் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட வரலாற்று ஆசிரியர்களும் நூலகர்களும் சிலர்